ஃப்ரிட்ஜுக்குப் பகை, ஃப்ரீசருக்கு நட்பு: பிரெட் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பிரெட்டை ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன். பூசணம் பிடிப்பதில்லை, ஆனால் மறுநாளே வறட்டென்று ஆகிவிடுகிறது. ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் மோசமாகாதா?

பதில்: ஆகாது. பிரெட்டுக்கு ஆகாத இடம் ஃப்ரிட்ஜ்தான். ஈரம் வற்றுவதால் மட்டும் பிரெட் பழசாவதில்லை. காற்றுப் புகாமல் அடைத்து, ஈரம் வெளியேற வழியில்லாமல் வைத்த ரொட்டியும் இறுகிப்போகும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் பூசேங்கோ 1852-லேயே காட்டிவிட்டார். காரணம் மாவுச்சத்து. சுடும்போது தண்ணீரை உறிஞ்சிக் குழைந்த மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்ல வரிசை கட்டிக் கெட்டிப்படுகிறது. உறையாத குளிரில், அதாவது 0 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை, இது மிக வேகமாக நடக்கும். ஃப்ரிட்ஜின் குளிரும் அதுவேதான்! மைனஸ் 18 டிகிரியில் இந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடும்.

இரண்டு நாளில் தீர்ந்துவிடும் அளவை வெளியே வையுங்கள். மிச்சத்தை முதல் நாளே ஃப்ரீசரில் வையுங்கள். நான்கு நாள் கழித்து, வீணாக வேண்டாமே என்று உள்ளே தள்ளினால் வெளியே வருவதும் நான்கு நாள் பிரெட்தான்.

கேள்வி: வீட்டில் சுட்ட ரொட்டியை எப்படிக் கட்டி வைப்பது?

பதில்: முதலில் நன்றாக ஆற வேண்டும். அரைக் கிலோ ரொட்டிக்கு இரண்டு மணி நேரமாவது தேவை. கீழேயும் காற்றுப் படும்படி கம்பித் தட்டில் வையுங்கள். மேலே தொட்டால் ஆறியதுபோல் இருக்கும், நடுவில் சூடு இருக்கும். அந்த ஆவிதான் கவருக்குள் பனியாகப் படியும்.

ஆறியதும் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் துண்டு போடுங்கள். உறைந்த முழு ரொட்டியைக் கத்தியால் அறுப்பது கைக்கும் ஆபத்து. இரண்டிரண்டு துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்தால் ஒட்டாது. பிறகு கிளிங் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றி, கனமான ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். கடையில் வாங்கிய பிரெட்டோடு வரும் மெல்லிய கவர் மட்டும் போதாது. சில நாளுக்குத் தாங்கும், மாதக் கணக்குக்குத் தாங்காது. தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள்.

முதல் இரண்டு மணி நேரம் பொட்டலங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வையுங்கள். அந்தப் பொல்லாத ஃப்ரிட்ஜ் குளிரைப் பிரெட் எவ்வளவு சீக்கிரம் தாண்டுகிறதோ அவ்வளவு நல்லது.

கேள்வி: சரியாக மூடித்தான் வைத்தேன். ஆனாலும் துண்டுகளில் வெள்ளைத் திட்டுகள். தின்றால் அட்டை மாதிரி இருக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, உலர்ந்துவிட்டது. பனிக்கட்டி உருகித் தண்ணீராகாமல் நேராகவே ஆவியாகும். பிரெட்டில் இருந்த ஈரம் அப்படிக் கிளம்பி, கவரின் உட்பக்கம் பனித்தூளாகப் படிந்திருக்கும். கவருக்குள் காற்று மிஞ்சியிருந்தால் இது வேகமாக நடக்கும். பனி கட்டாத வகை ஃப்ரீசர்கள், படியும் பனியைக் கரைக்க அவ்வப்போது உள்ளே சூடேற்றிக்கொள்ளும். அந்த ஏற்ற இறக்கமும் ஒரு காரணம். ஆகவே கதவுத் தட்டைத் தவிர்த்து உள்பக்கம் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் சாப்பிட்டால் சுவை நன்றாக இருக்கும். மூன்று மாதம் வரை சுமார். அதற்கு மேல் உடம்புக்குக் கெடுதல் இல்லை, வாய்க்குத்தான் தண்டனை. வெள்ளைத் திட்டு விழுந்ததை டோஸ்ட் செய்தால் ஓரளவு தேறும்.

கேள்வி: ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேலே இருக்கும் சின்ன ஐஸ் பெட்டி போதுமா?

பதில்: அதன்மேல் நட்சத்திரக் குறி இருந்தால் பாருங்கள். ஒரு நட்சத்திரம் மைனஸ் 6 டிகிரி, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. உப்பும் சர்க்கரையும் இருப்பதால் பிரெட் 0 டிகிரியில் உறையாது, இன்னும் சில டிகிரி இறங்க வேண்டும். ஒரு நட்சத்திரப் பெட்டி என்றால் ஒரு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

கேள்வி: வெளியே எடுத்து வைத்தால் மேல்தோல் நசநசவென்று ஆகிறது. எப்படித்தான் எடுப்பது?

பதில்: கவரைப் பிரித்துவிட்டு வைத்திருப்பீர்கள். குளிர்ந்த பொருளின் மேல் காற்றிலுள்ள ஈரம் படியும். கவரோடு வைத்தால் அது கவருக்கு வெளியே வியர்க்கும். உள்ளே படிந்த பனியையும் பிரெட்டே ஓரளவு திரும்ப வாங்கிக்கொள்ளும். அரைக் கிலோ முழு ரொட்டிக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். இரவில் எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து இளக்காதீர்கள். எதற்குப் பயந்து ஃப்ரீசரில் வைத்தோமோ அதிலேயே எட்டு மணி நேரம் கிடக்கும்.

இளகியதும் 180 டிகிரி ஓவனில், கவரையும் ஃபிலிமையும் எடுத்துவிட்டு, ஐந்து முதல் எட்டு நிமிடம் வைத்தால் தோல் மொறுமொறுக்கும். மாவுச்சத்தின் இறுக்கம் 60 டிகிரிக்கு மேல் தளர்ந்துவிடும். சூடேற்றிய பிரெட் புதிதுபோல் இருப்பது அதனால்தான். ஆனால் ஆறினால் முன்னைவிட வேகமாக இறுகும். தேவையான அளவை மட்டும் சூடாக்குங்கள்.

துண்டுகளுக்கு இத்தனை பாடு வேண்டாம். உறைந்தபடியே டோஸ்டரில் போடலாம். தவா என்றால் மிதமான தீயில் ஒரு நிமிடம் மூடி வைத்து, பிறகு திறந்து இரு பக்கமும் சிவக்க விடுங்கள். ஆரம்பத்திலேயே தீயைக் கூட்டினால் வெளியே கருகும், நடுவில் ஜில்லென்று இருக்கும்.

கேள்வி: மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர் மாதிரி இழுக்கிறதே?

பதில்: நேரம் கூடிவிட்டது. ஒரு துண்டுக்கு 10 முதல் 15 விநாடி, அதுவும் ஈரமான பேப்பர் டவலில் சுற்றி. உடனே சாப்பிட வேண்டும். அந்தப் பக்குவம் ஆறும்வரைதான்.

கேள்வி: லேசாகப் பூசணம் வந்த பிரெட்டை ஃப்ரீசரில் வைத்தால் நின்றுவிடுமா?

பதில்: வளர்ச்சி நிற்கும், பூசணம் சாகாது. கண்ணுக்குத் தெரியும் புள்ளிக்கு அடியில் இழைகள் ஓடியிருக்கும். தூக்கி எறியுங்கள்.

கேள்வி: பிசைந்த மாவையே உறையவைத்து, வேண்டும்போது சுடலாமா?

பதில்: முடியும், ஆனால் முதல் தேர்வு அதுவல்ல. குளிரில் ஈஸ்ட்டில் ஒரு பகுதி செத்துப்போகும். செத்த ஈஸ்ட்டிலிருந்து கசியும் குளூட்டதயோன் என்ற பொருள் மாவின் இழுவையைத் தளர்த்திவிடும். உருட்டி வடிவம் கொடுத்ததும், இரண்டாம் முறை உப்புவதற்கு முன்பே உறையவைத்து, இரண்டு, மூன்று வாரத்துக்குள் சுட்டுவிடுங்கள்.

அதைவிட அரை வேக்காடு மேல். வழக்கமான நேரத்தில் முக்கால் பங்கு சுட்டு, உள்ளே 90 டிகிரி தொட்டு, மேலே நிறம் ஏறும் முன் எடுத்து ஆறவைத்து உறையவையுங்கள். சின்ன பன்களை உறைந்தபடியே 200 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம் சுட்டால் போதும். மொறுமொறுப்பான நீள ரொட்டிகளை முழுதாகச் சுட்டு உறையவைத்தால் தோல் காய்ந்து செதில் செதிலாகப் பெயரும். அவற்றுக்கும் இந்த வழிதான்.

கேள்வி: இளகிய பிரெட் மிச்சமானால் மறுபடி ஃப்ரீசருக்கு அனுப்பலாமா?

பதில்: வெறும் பிரெட்டாக, சில மணி நேரமே வெளியே இருந்தது என்றால் அனுப்பலாம், முன்னைவிட வறண்டு வரும். கிரீம், முட்டை, இறைச்சி வைத்தது என்றால் வேண்டவே வேண்டாம். வெறும் பிரெட் மிச்சத்தைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, 120 டிகிரி ஓவனில் மொறுமொறுவென்று காயும்வரை வைத்துப் பொடித்துக்கொள்வதே நல்லது. அந்தத் தூளை ஃப்ரீசரில் வைத்தால் கட்டி தட்டாது. இளக்காமலே ஸ்பூனால் அள்ளிப் போடலாம்.