முகமூடியை முதலில் முடிவு செய்யுங்கள்: லூச்சா லிப்ரே வெப்காமிக் தொடங்குபவருக்கு

வாசகர் கேள்வி: மெக்சிகோவின் முகமூடி மல்யுத்தமான லூச்சா லிப்ரே வீரர்களை வைத்துத் தமிழில் ஒரு வெப்காமிக் (இணையத்தில் வரும் சித்திரக்கதைத் தொடர்) தொடங்க ஆசை. கதை, ஓவியம், எழுத்துப்பதிப்பு எல்லாம் நான் ஒருவனே. வேலைக்குப் போய்க்கொண்டே செய்ய வேண்டும். எதில் தொடங்குவது, எங்கே வெளியிடுவது? எல் சாந்தோ போன்ற உண்மையான வீரர்களைக் கதையில் கொண்டுவரலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். கொண்டுவராதீர்கள். எல் சாந்தோ, புளூ டெமன் போன்ற பெயர்களுக்கும் முகமூடி வடிவங்களுக்கும் மெக்சிகோவில் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கதாபாத்திரத்தின் பெயரையும் தோற்றத்தையும் தனியே பதிந்துகொள்ள வழி உண்டு. இன்டவ்தோர் என்ற அரசு அலுவலகம் அதை 5 ஆண்டுக் காலத்துக்குத் தருகிறது, பிறகு புதுப்பிக்கலாம். வணிகக்குறிகளைப் பதிவது இம்பி என்ற வேறொரு அலுவலகம். அதன் இணையத் தேடல் சேவையான 'மார்சியா'வில் நீங்கள் யோசித்து வைத்திருக்கும் ஸ்பானியப் பெயரைத் தட்டிப் பாருங்கள், கட்டணம் இல்லை. 16 (அச்சு), 25 (உடை), 28 (பொம்மை), 41 (பொழுதுபோக்கு) ஆகிய வகுப்புகளில் அதே பெயர் இருந்தால் வேறு பெயர் தேடுங்கள். முழு வெள்ளி நிற முகமூடியையும், வெள்ளி ஓரம் போட்ட நீல முகமூடியையும் பெயர் மாற்றிக்கூடத் தொட வேண்டாம்.

உரிமைச் சிக்கல் இந்தத் துறைக்குப் புதிதல்ல. சாந்தோவை நாடறிந்த நாயகனாக்கியதில் ஹோசே ஹி. குரூஸ் 1952-இல் தொடங்கிய, புகைப்படத்தையும் ஓவியத்தையும் ஒட்டிச் செய்த காமிக்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த இருவருக்கும் இடையிலேயே பின்னாளில் தகராறு வந்தது. நீங்கள் இப்போது தனி ஆள். நாளை வண்ணம் தீட்டவோ வசனம் எழுதவோ ஒரு நண்பர் சேரலாம். முகமூடியும் பெயரும் யாருக்குச் சொந்தம் என்பதை அன்றைக்கே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கதையை எழுதி முடித்துவிட்டு, கடைசியில் ஒரு முகமூடியை வரைந்து நாயகனுக்கு மாட்டிவிடுகிறார்கள். இந்த வகைக் கதையில் அது தலைகீழ் வழி. முகமூடிதான் பாத்திரம். நாயகன் எப்படி நடிப்பான், எப்படித் தோற்பான், எதை இழப்பான் என்பதெல்லாம் அதிலிருந்தே பிறக்கும்.

மெக்சிகோவில் 1934-இல் அன்டோனியோ மார்டினெஸ் என்ற செருப்புத் தொழிலாளி, எல் சிக்ளோன் மெக்கே என்ற வீரருக்காக ஆட்டுத்தோலில் தைத்துக் கொடுத்த முகமூடியிலிருந்து இந்தத் தொழில் வளர்ந்தது. ஒரு தலைக்கு 17 அளவுகள் எடுத்து அவர் தைப்பார் என்பார்கள். இப்போது இழுபடும் லைக்ரா துணியே அதிகம். ஆனால் அமைப்பு மாறவில்லை: பின்னந்தலையில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு, அதை இழுத்துக் கட்டும் நாடா, நாடாவுக்கு அடியில் ஷூவில் இருப்பதைப் போல ஒரு நாக்குத் துணி. முகமூடியை முகத்தில் பூசிய சாயம் மாதிரி வரைந்துவிட்டு இந்தப் பின்பக்கத்தை மறந்துவிடுவதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் பிழை. பிடி இறுகியதும் முரடன் முதலில் கை வைப்பது அந்த நாடாவில்தான். பின்பக்கம் வரையத் தெரியாவிட்டால் அந்தக் காட்சியே கிடையாது.

முகமூடி எளிமையாக இருக்கட்டும். ஓர் அத்தியாயத்துக்கு 25 கட்டங்கள், அதில் 15-இல் நாயகன் தலை தெரிகிறது என்று வைத்தால், 20 அத்தியாயங்களில் அதை 300 முறை வரைவீர்கள். இரண்டு வண்ணம் போதும். கண்ணைச் சுற்றி ஒரு வடிவம், வாய் ஓரத்துக்கு ஒரு வடிவம், நெற்றியில் ஒரு சின்னம், அவ்வளவே. முன், பின், இரு பக்கம், முக்கால் பக்கம் என ஐந்து கோணங்களில் ஒரு மாதிரித்தாள் வரைந்து திரையின் ஓரத்தில் எப்போதும் திறந்து வையுங்கள். பிறகு நாயகனையும் எதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வண்ணத்தை நீக்கி, 40 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். யார் எவர் என்று உடனே தெரியவில்லை என்றால், இரண்டு உடல்கள் பின்னிக்கொள்ளும் பிடிகளில் வாசகர் நிச்சயம் தொலைந்துபோவார். ஒருவருக்குக் கறுத்த முகமூடி வெளிர் கால்சட்டை, மற்றவருக்கு நேர்மாறு என்பது எப்போதும் கைகொடுக்கும்.

முகபாவத்துக்கு என்ன செய்வது? வாய்ப்பகுதி திறந்த முகமூடியைத் தேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. உதடு, பல், தாடை மூன்றும் உங்களுக்குக் கிடைத்துவிடும். வாய் மூடிய முகமூடி மிரட்டலாக இருக்கும், அதனால் எதிரிக்குப் பொருந்தும். கண்களை வெள்ளையாக விடுவதா, கருவிழி காட்டுவதா என்பதை முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். மீதி நடிப்பு தோள், கழுத்துச் சாய்வு, விரல்கள், வியர்வையில் துணி முகத்தோடு ஒட்டும் சுருக்கம் ஆகியவற்றில் இருக்கிறது. தலை இரண்டு டிகிரி தாழ்ந்தால் கோபம், தோள் முன்னால் விழுந்தால் அவமானம். கண்ணாடி முன் ஒரு துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு நடித்துப் பாருங்கள். எது புரிகிறது, எது புரியவில்லை என்பது தெரிந்துவிடும்.

அடுத்து ஆட்ட விதிகள். இவை உங்கள் கதையைக் கட்டிக்கொடுக்கும். வழக்கமான ஆட்டம் மூன்று சுற்றில் இரண்டை வெல்வது, நேர வரம்பு கிடையாது. நெறியோடு ஆடுபவர் டெக்னிகோ, முரடர் ரூடோ. எதிரியின் முகமூடியைக் கழற்றினால் கழற்றியவர் அந்தச் சுற்றை இழப்பார். இடுப்புக்குக் கீழே அடித்தாலும் அப்படியே. தலைகீழாகத் தூக்கி உச்சந்தலையைத் தரையில் மோதும் மார்டினெத்தே தடைசெய்யப்பட்ட அடி. மூவர் அணி ஆட்டத்தில் கூட்டாளியின் கையைத் தொட்டு மாற வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர் வளையத்தை (கயிறு கட்டிய ஆட்ட மேடை) விட்டுக் கீழே இறங்கினாலே அடுத்தவர் நுழையலாம். ஆனால் முதல் மூன்று அத்தியாயங்களில் மூவர் அணியைத் தொடவே வேண்டாம், வாசகரால் ஆறு முகமூடிகளை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது. ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் முதல் சுற்றை ஆறு கட்டங்களுக்குள் முடியுங்கள், இரண்டாவதைக் கொஞ்சம் நீட்டுங்கள், மூன்றாவதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள்.

பிடிகளைப் பற்றி ஒரு நுட்பம். மெக்சிகோ வீரர்கள் வழக்கமாக எதிரியின் வலது கை, வலது காலைப் பிடித்து வேலை செய்வார்கள். அமெரிக்காவில் இடது பக்கம். அமெரிக்க ஆட்டப் படங்களைப் பார்த்து வரைந்தால், லூச்சா பார்த்து வளர்ந்தவர் கண்ணுக்கு ஏதோ பிசகாகப் படும். மாதிரிக்கு மெக்சிகோ ஆட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கதையின் உச்சம் பந்தய ஆட்டம்: முகமூடிக்கு எதிராக முகமூடி, அல்லது முகமூடிக்கு எதிராகத் தலைமுடி. முகமூடியை வைத்துத் தோற்றவர் வளையத்தின் நடுவில் அதைக் கழற்றி, தன் உண்மைப் பெயர், சொந்த ஊர், எத்தனை ஆண்டாக ஆடுகிறார் என்பதைச் சொல்ல வேண்டும். அந்த மூன்று விவரத்தையும் முதல் அத்தியாயம் வரைவதற்கு முன்பே எழுதி வையுங்கள், யார் தோற்கப்போகிறார் என்பது இன்னும் தெரியாவிட்டாலும். நாயகனின் முகத்தை இரண்டாம் அத்தியாயத்தில் வீட்டுக் காட்சியில் காட்டிவிடும் தொடர்கள் தங்கள் கையிலிருந்த ஒரே பெரிய பந்தயப் பொருளைச் செலவழித்துவிடுகின்றன. வீட்டிலும் சந்தையிலும் முகமூடியோடே நடமாட விடுங்கள். இந்த மரபில் அதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. சாந்தோ தன் முகத்தைச் சில நொடி பாதி காட்டியதே 1984 ஜனவரியில், இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு தொலைக்காட்சியில்தான்.

வளையத்தைக் கையால் ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டாம். இலவச மென்பொருளான பிளெண்டரில் 6 மீட்டருக்கு 6 மீட்டர் மேடை, ஒரு மீட்டர் உயரம், நான்கு கம்பம், பக்கத்துக்கு மூன்று கயிறு என்று ஓர் எளிய மாதிரி செய்து, வேண்டிய கோணத்தில் திருப்பிப் படமெடுத்து அடியில் வைத்து வரையுங்கள். கயிறுகள் படக்கோப்பின் தனி லேயரில் (அடுக்கில்) இருக்கட்டும். வீரருக்கு முன்னால் வரும் கயிறு, பின்னால் வரும் கயிறு என்று அதையும் இரண்டாகப் பிரியுங்கள். இல்லாவிட்டால் கயிறு உடலுக்குள் புகுந்து ஓடும்.

கைபேசியில் கீழ்நோக்கி உருட்டிப் படிக்கும் வடிவம் இந்த விளையாட்டுக்கு நன்றாகப் பொருந்தும். மேல் கயிற்றிலிருந்து எதிரி மீது விழும் 'பிளாஞ்சா' என்ற பாய்ச்சலுக்கு 2,500 பிக்சல் உயரத்தில் ஒரே கட்டம் கொடுங்கள். வாசகரின் விரல் நகர நகர வீரர் விழுவார். கயிறுகளுக்கு நடுவே அம்பு போல் பாயும் 'தோப்பே' என்ற தாக்குதல் வேறு கதை. கிடைமட்டமாக வரைந்தால் ஒடுங்கிய திரையில் உடல் சிறுத்துவிடும். தலை கீழ் மூலையில், கால் மேல் மூலையில் என்று சாய்வாக வரையுங்கள்.

அளவுகள்: 1,600 பிக்சல் அகலத்தில் வரைந்து, வெளியிடும்போது 800-க்குச் சுருக்குங்கள். யாரும் தங்கள் தொடரைப் பதிவேற்றக்கூடிய வெப்டூன் கேன்வாஸ் தளம் நீளமான படத்தை 800-க்கு 1,280 துண்டுகளாகக் கேட்கிறது. பதிவேற்றுவதற்கு முன் அதன் விதிப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். வெட்டு இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் விழ வேண்டும். இணைப்பு மெதுவாக இருக்கும்போது அடுத்த துண்டு தாமதமாக வரும். அந்த நேரத்தில் பாதி முகமும் பாதி வசனமும் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அச்சுக்குப் போகும் எண்ணம் இருந்தால் பெரிய மூலக்கோப்பை அழிக்காதீர்கள்.

தமிழ் எழுத்துப்பதிப்பில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சில ஓவிய மென்பொருள்களில் 'கொ', 'நெ' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறிச் சிதறும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை விருப்பத்தேர்வில் மாற்றினால் சரியாகும். எளிய வழி, வசனங்களை இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக ஏற்றுமதி செய்து மேலே வைப்பது. முக்த மலர், கவிவனார், பலூ தம்பி ஆகிய எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. 800 பிக்சல் அகலத்தில் எழுத்து 28 பிக்சலுக்குக் குறையக் கூடாது. கைபேசித் திரையில் அது ஏறத்தாழப் பாதியாகிவிடும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் குமிழியை அகலமாகப் போடுங்கள், ஐந்து வரிக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள். 'பொளேர்', 'சடார்', 'தொப்' போன்ற ஒலிகளுக்கு எழுத்துரு வேண்டாம். கையால் வரைந்தால்தான் அடி விழும்.

வேலை நேரத்தைக் கணக்கிட, ஐந்து கட்டங்களை முழுதாக முடித்துக் கடிகாரம் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு 12 மணி நேரம் என்றால் இரண்டு வாரத்தில் 16 கட்டங்கள்தான் முடியும். வாரந்தோறும் வெளியிடுவதாக அறிவித்துவிட்டு நான்காம் வாரத்தில் நின்றுபோகும் தொடர்கள் ஏராளம். எங்கள் பரிந்துரை: கறுப்பு வெள்ளையில் வரையுங்கள், முகமூடிக்கு மட்டும் வண்ணம் கொடுங்கள். நேரமும் மிச்சமாகும், வாசகரின் கண்ணும் சரியான இடத்துக்குப் போகும். எட்டு அத்தியாயங்கள் கையில் வந்த பிறகே தொடங்குங்கள். முதல் நாளில் மூன்றை வெளியிட்டால், இரு வாரத்துக்கு ஒன்றாக மீதி ஐந்தும் பத்து வாரங்களைத் தாங்கும்.

கேன்வாஸில் தமிழுக்கெனத் தனி மொழிப் பிரிவு இல்லை. அதனால் தமிழ்ப் பதிப்புக்குச் சொந்தத் தளம் வேண்டும்: ஒரு டொமைன், வேர்ட்பிரஸ், வெப்காமிக்குக்கென்றே இலவசமாகக் கிடைக்கும் டூச்செக்கே தீம். புதிய அத்தியாயம் வந்ததை வாசகருக்குத் தானே அறிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடையையும் மின்னஞ்சல் பட்டியலையும் முதல் நாளே இணைத்துவிடுங்கள். ஸ்பானியப் பதிப்பு பிறகு வரலாம். வசனம் தனி லேயரில் இருந்தால் ஓவியத்தைத் தொடாமலே மாற்றலாம். ஆனால் ஸ்பானிய வசனத்தை மெக்சிகோக்காரர் ஒருவரிடம் பணம் கொடுத்துச் சரிபாருங்கள். வளையத்தின் பேச்சு இயந்திர மொழிபெயர்ப்பில் வராது.

அவரிடமே காட்சிகளையும் காட்டுங்கள். அகன்ற தொப்பியும் கள்ளிச்செடியும் போட்டால் மெக்சிகோ ஆகிவிடாது. மெக்சிகோ நகரின் தொக்தோரெஸ் பகுதியில் 1956-இல் திறந்த அரேனா மெக்சிகோ என்ற மல்யுத்த அரங்கு, அதன் வாசலில் முகமூடிகளைத் தொங்கவிட்டிருக்கும் நடைபாதைக் கடைகள், நல்ல ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் வளையத்துக்குள் வீசும் காசுகள், இவைதான் இடத்தைக் கொண்டுவரும். முகமூடி வளையத்துக்கு வெளியேயும் போகும். அனாதைக் குழந்தைகளை வளர்க்க மல்யுத்தம் ஆடிய பாதிரியார் ஃப்ராய் தோர்மென்தாவும், 1985 நிலநடுக்கத்துக்குப் பிறகு வீடிழந்தவர்களுக்காகச் சிவப்பு மஞ்சள் முகமூடியில் போராடிய சூப்பர்பாரியோவும் உண்மை மனிதர்கள். அவர்களை வரையாதீர்கள், எவ்வளவு தூரம் போகலாம் என்று தெரிந்துகொள்ள அவர்களைப் பற்றிப் படியுங்கள்.

வெளியிடும் நேரமாகச் சனிக்கிழமை காலை எட்டு மணியை வைக்கலாம். இங்கே விடுமுறைக் காலை; மெக்சிகோ நகரில் அப்போது வெள்ளி இரவு எட்டரை, அரேனா மெக்சிகோவின் வாராந்திரப் பெரிய ஆட்ட இரவு.