மின்னூல் கேள்வி – பதில்

கேள்வி: 6 அங்குல இ-ரீடர் வாங்கியிருக்கிறேன். ஏ4 பிடிஎஃப் நூல்களில் எழுத்து எறும்பு எறும்பாகத் தெரிகிறது. காலிபர் மென்பொருளில் இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவமாக மாற்றினால் தமிழ் சிதறிவிடுகிறது. கருவியில் கோளாறா?

பதில்: கருவியில் கோளாறில்லை, கோப்பில்தான். பிடிஎஃப் என்பது அச்சுத்தாளின் அச்சு அசலான நகல். 21 செ.மீ. அகலத் தாளைச் சுமார் 9 செ.மீ. திரையில் அடக்கினால், 12 புள்ளி அளவுள்ள எழுத்து 5 புள்ளியாகிவிடும். இபப் நூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். ஆகவே மாற்ற நினைத்தது சரி. மாற்றுமுன், கணினியில் பிடிஎஃபின் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லையா? அது ஸ்கேன் செய்த படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகளைப் பிரித்தெடுத்துத் தரும். பத்துப் பத்துப் பக்கமாகப் போடுங்கள். ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறியிருக்கும், மெய்ப்புப் பார்த்தே தீர வேண்டும்.

‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக ஒட்டினால், அது பாமினி என்ற பழைய எழுத்துரு; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றி, யுடிஎஃப்-8 உரைக்கோப்பாகச் சேமித்து, அதைக் காலிபரில் சேருங்கள்.

‘கோவில்’ என்பது ‘ேகாவில்’ என்று வந்தால்தான் பெரும் தொல்லை. பிடிஎஃபில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையில், எழுத்துக்கு முன்னால் பதிவாகியிருக்கிறது. யூனிகோடுக்கோ முதலில் மெய், பிறகுதான் உயிர்க்குறி. ஒவ்வொரு சொல்லாகத் திருத்த உட்காராதீர்கள். பக்கங்களைப் படமாக மாற்றி, மேலே சொன்ன கூகுள் வழியில் எடுப்பதே விரைவு.

இத்தனைக்கும் முன், அந்த நூல் யூனிகோடில் ஏற்கெனவே கிடைக்கிறதா என்று தேடுங்கள். பழந்தமிழ் இலக்கியத்துக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் இபப் கோப்பே கிடைக்கும்.

கேள்வி: பக்கம் புரட்டிய பிறகும் முந்தைய பக்கம் நிழலாகத் தெரிகிறதே?

பதில்: இ-ரீடரின் மின்தாள் (இ-இங்க்) திரையில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இடம்பெயர்ந்துதான் எழுத்து உருவாகிறது. சில துகள்கள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டால் நிழல் விழும். அமைப்புகளில் ‘பக்கந்தோறும் முழுப் புதுப்பிப்பு’ என்பதை இயக்குங்கள். திரை ஒருமுறை கறுத்து மீளும், மின்கலச் செலவு சற்றுக் கூடும். எந்தப் பக்கத்திலும் ஒரே இடத்தில் கோடு நின்றால் அது நிழலல்ல, திரை உடைந்திருக்கிறது. பையில் மற்ற பொருள்களின் அழுத்தம் பட்டே பெரும்பாலும் இப்படி ஆகும். கடினமான உறை போடாமல் வெளியே எடுத்துச் செல்ல வேண்டாம்.

கேள்வி: கிண்டிலில் கேபிள் வழியே இபப் போட்டேன். நூலகத்தில் காணோமே?

பதில்: அமேசானின் இ-ரீடரான கிண்டில் இபப் கோப்பை நேரடியாகத் திறக்காது. அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை வழியே அனுப்புங்கள், அது தானே மாற்றிக்கொள்ளும். கேபிள்தான் வசதி என்றால், காலிபரில் கிண்டில் திறக்கும் ஏஇசட்டபிள்யூ3 (AZW3) வடிவத்துக்கு மாற்றிப் போடுங்கள்.