ஏதோ ஒரு ஊர்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இரவு பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு ஃபோன் பார்ப்பது வழக்கம். போன வாரம் ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் ஜனங்கள் மாட்டுத் தீவனம் தின்று உயிர் பிழைத்ததாக ஒரு வீடியோ பார்த்தேன். மறுநாள் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை பாப்பாவின் பிறந்தநாளுக்கு கேக் வெட்டும்போதும் குற்ற உணர்வாகவே இருந்தது. செய்தி பார்ப்பதையே விட்டுவிடு என்கிறார் கணவர். விட்டுவிடவா?

ச.

அன்புள்ள ச.,

பாப்பாவுக்கு என் ஆசி. கேக் வெட்டியதற்கெல்லாம் குற்ற உணர்வு வேண்டாம்மா. நீங்கள் வெட்டாமல் இருந்திருந்தால் அங்கே யாருக்கும் ஒரு பிடி கூடுதலாகக் கிடைத்திருக்காது. கணவர் சொன்னதை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது 'ஏதோ ஒரு ஊர்' என்ற இடத்தில்தான். சோறு இறங்காத அளவுக்கு உங்களை உலுக்கிய ஊரின் பெயர் என்ன என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகுமா? விடைத்தாளில் ஒரு பிள்ளை 'ஏதோ ஒரு எண்' என்று எழுதினால் மார்க் போடுவீர்களா?

அந்த ஊர் எல் ஃபாஷர். சூடானில், வட டார்ஃபூர் மாநிலத்தின் தலைநகர். 2021-ல் கைகோத்து ஆட்சியைப் பிடித்த இரண்டு தளபதிகள், ராணுவத்தின் புர்ஹானும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படையின் ஹெமெட்டியும், 2023 ஏப்ரல் 15-லிருந்து ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். எல் ஃபாஷரை ஆர்.எஸ்.எஃப். ஒன்றரை வருடம் முற்றுகையிட்டது. ஊரைச் சுற்றி மண்கரை எழுப்பி, ஒரு மூட்டை தானியம் உள்ளே போகாமல் அடைத்தது. 2025 அக்டோபர் 26-ல் ஊர் விழுந்தது. அப்புறம் நடந்த கொலைகளை நீங்களே தேடிப் படியுங்கள். என் கையால் எழுத முடியவில்லை.

நீங்கள் பார்த்த தீவனத்துக்கு அங்கே 'அம்பாஸ்' என்று பெயர். கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை. நம் கடலைப் புண்ணாக்கு, அதேதான்.

இது தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் போயிற்று. நான் திண்டிவனம் பக்கத்துக்காரன், கடலை விளையும் மண். அம்மா புண்ணாக்குக் கட்டியைக் கல்லில் வைத்து உடைத்து ராத்திரியே ஊறப்போடுவாள். காலையில் தவிட்டோடு கரைத்துத் தொட்டியில் ஊற்றினால் எங்கள் பசு மூக்கு முங்க உறிஞ்சும். ஆறு வயதில் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். முதலில் வறுத்த கடலை வாசம், அப்புறம் கசப்பு, பல்லிடுக்கெல்லாம் தோல், தொண்டையில் உமியைப் போட்டு அரைத்த மாதிரி ஒரு சொரசொரப்பு. அம்மா வாயில் விரலை விட்டுத் தோண்டி எடுத்து, முதுகில் ஒன்று வைத்தாள். "மாட்டுக்கு வெச்சத மனுசன் துன்னுவானாடா?" சாயங்காலம் ஒரு படி கடலையை மணலில் போட்டு வறுத்து, நான் போதும் என்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்து உரித்துக் கொடுத்தாள்.

எல் ஃபாஷரில் ஓர் அம்மா அதே புண்ணாக்கைத் தன் கையால் பிள்ளைக்கு ஊட்டினாள். டார்ஃபூர்க்காரர்கள் கம்பையும் சோளத்தையும் களி கிண்டித் தின்கிறவர்கள், நம்மைப் போல. அக்கம்பக்கத்தார் சேர்ந்து 'தகாயா' என்ற பொது அடுப்புகளை நடத்தினார்கள். கம்பும் சோளமும் தீர்ந்ததும் அந்த அடுப்புகளில் புண்ணாக்கு வெந்தது. கடைசி மாதங்களில் அதற்கும் பஞ்சம்.

2023-ல் சண்டை தொடங்கியதும் 'ஆபரேஷன் காவேரி' என்று நம் அரசு 3,800-க்கும் மேற்பட்டவர்களை அங்கிருந்து அழைத்து வந்தது. நம் ஆட்கள் வந்து இறங்கியதை டிவியில் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் சூடான் என்ற சொல்லையே நான் தேடவில்லை. நம்மவர்கள் வந்துவிட்டார்கள், கதை முடிந்தது என்று இருந்துவிட்டேன். உங்களைத் திட்டியபோது அதையும் சேர்த்துத்தான் திட்டினேன்.

செய்தியை விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். இரவில் பார்க்காதீர்கள், பாப்பா பக்கத்தில் படுத்திருக்கும்போது பார்க்கவே பார்க்காதீர்கள். பகலில், உட்கார்ந்து, இந்த ஒரு ஊரை மட்டும் படியுங்கள். தப்பியவர்களில் பலர் நடந்து போய்ச் சேர்ந்த இடம் தவீலா. எல் ஃபாஷருக்கு மேற்கே இருக்கிறது. அங்கே இப்போது என்ன சமைக்கிறார்கள் என்று படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.