ஆறு முறை விட்டும் தீராத கார் கோளாறு: எலி மேல் பழியைப் போட்டுக் கையெழுத்துக் கேட்டால்?

கேள்வி: திருப்பூரில் நானும் என் தம்பியும் பங்குதாரர்களாகச் சிறிய தையல் யூனிட் நடத்துகிறோம். எட்டு மாதத்துக்கு முன் 13 லட்சம் ரூபாய்க்கு ஒரு டர்போ பெட்ரோல் கார் வாங்கினோம். பைபாஸில் முக்கால் மணி நேரம் ஓடியதும் எஞ்சின் விளக்கு எரிகிறது. அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் 40க்கு மேல் ஏறுவதில்லை. ஓரங்கட்டி நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. ஆறு முறை டீலரிடம் விட்டாகிவிட்டது. கோளாறே தெரியவில்லை என்றார்கள், சாஃப்ட்வேர் அப்டேட் என்றார்கள், பெட்ரோல் சரியில்லை என்றார்கள். இப்போது எலி வயரைக் கடித்திருக்கிறது, இன்சூரன்ஸில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். வண்டி யூனிட் பெயரில் இருப்பதால் நுகர்வோர் வழக்கே போட முடியாது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். புது வண்டியாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: இன்சூரன்ஸ் க்ளெய்ம் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் போடாதீர்கள். போட்டிருந்தால் இன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் டீலருக்கும் மின்னஞ்சல் அனுப்பி க்ளெய்மை வாபஸ் வாங்குங்கள். புது வண்டி, வழக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வாரண்டி என்பது வண்டியோடு பிறந்த குறைக்கு. அந்தச் செலவு தயாரிப்பாளருடையது. இன்சூரன்ஸ் என்பது மோதல், வெள்ளம், திருட்டு மாதிரி வெளியிலிருந்து வரும் சேதத்துக்கு. தானாக வரும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் கோளாறுக்குச் சாதாரண பாலிசியில் பணம் கிடையாது. அதனால்தான் கதைக்குள் எலி வருகிறது. 'எலி கடித்தது' என்ற தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், வண்டியில் குறை இல்லை, கெடுத்தது வெளியிலிருந்து வந்த எலி என்று நீங்களே எழுதிக்கொடுத்ததாக ஆகும். க்ளெய்ம் செய்யாத வருடத்துக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது நோ க்ளெய்ம் போனஸ், போவது அதற்கு மேல்.

நான் பதினெட்டு ஆண்டு சர்வீஸ் சென்டர்களில் வேலை பார்த்தேன். இப்போது வழக்குகளுக்காக வண்டிகளைப் பரிசோதித்து அறிக்கை தருகிறேன். ஒரு வழக்கில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒன்பது ஜாப் கார்டுகளை (வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் புகாரை எழுதித் தரும் தாள்) தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் சின்னச் சீட்டு ஒட்டி, அவ்வளவு அழகாக ஃபைல் போட்டு வந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு தாளைத்தான் நீட்டினார். அது எலி க்ளெய்ம். "சும்மா போடுங்க சார், உங்களுக்குச் செலவில்லாம முடிச்சுத் தர்றோம்" என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னதை நம்பிப் போட்ட கையெழுத்து. அந்த ஒன்பது ஜாப் கார்டுக்கும் அதன்பிறகு மதிப்பில்லாமல் போய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

எலி என்று அவர்கள் சொன்னால் வயரைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். எலி கடித்த வயரின் மேலுறை கொறித்துக் கொறித்துப் பிய்ந்திருக்கும், பல் பட்ட சின்னக் கோடுகள் தெரியும், பக்கத்தில் புழுக்கையோ உறைத் துணுக்குகளோ கிடக்கும். ஒரே நேராக வெட்டுப்பட்டிருந்தால் அது கட்டர் வேலை. காட்ட மறுத்தால், மறுத்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

சரி, ஆறு முறை பார்த்தும் ஏன் பிடிபடவில்லை? திறமை இல்லாததால் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் காலையில் வண்டியை விடுகிறீர்கள். மதியம் அது ஆறிப்போயிருக்கும் நேரத்தில் ஒரு பையன் எடுத்துத் தெருவைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் ஓட்டுவான். முக்கால் மணி நேரம் சூடேறிய பிறகு வரும் கோளாறு மூன்று கிலோமீட்டரில் எப்படி வரும்? டெக்னீஷியனுக்கு அன்றைக்கு எத்தனை வண்டி முடித்தான் என்பதுதான் கணக்கு. உங்கள் வண்டிக்குள் தலையை விட்டு ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றிப் பார்க்கும் இரண்டு மணி நேரத்துக்கு அவனுக்கு யாரும் பெயர் வாங்கித் தருவதில்லை. வாரண்டி வேலைக்கான பணமும் தயாரிப்பாளர் ஒப்புதல் கொடுத்தால்தான் டீலருக்கு வரும். காரணம் நிரூபணமாகாமல் பார்ட் மாற்றினால் அந்தப் பணம் நிற்கும். அதனால்தான் சாஃப்ட்வேர் அப்டேட் என்று எழுதி வண்டியைக் கழுவிக் கொடுத்துவிடுகிறார்கள். பல வருடமாக இதைப் பார்க்கிறேன், தயாரிப்பு நிறுவனங்கள் இதை மாற்றவே இல்லை.

உங்கள் வண்டி வேகம் குறைவதற்கு லிம்ப் மோட் என்று பெயர். ஏதோ ஒரு சென்சார் தப்பான கணக்குச் சொல்கிறது, எஞ்சினைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்துவிடுகிறது. டர்போ பக்கம் இருக்கும் வால்வோ, சூட்டில் தளரும் ஒரு கனெக்டர் பின்னோ, காற்று கசியும் ஒரு ஹோஸோ, எதுவாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: விளக்கு எரிந்த நொடியில் கம்ப்யூட்டர் ஒரு எரர் கோடைப் பதிந்துகொள்கிறது. கூடவே அந்த நேரத்து வேகம், எஞ்சின் சூடு, ஆர்பிஎம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தது மாதிரி வைத்துக்கொள்கிறது. ஸ்கேனரில் அழி என்று ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் போய்விடும். அட்வைசர்கள் முதலில் செய்வதே அதைத்தான். எரர் கோடை அழித்துவிட்டு 'கோளாறு எதுவும் தெரியவில்லை' என்று எழுதுகிறார்கள்.

ஆகவே ஏழாவது முறை விடும்போது, அழிப்பதற்கு முன் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் ஸ்கேனர் திரையையாவது போனில் படம் பிடியுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் கருவி கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கி வைத்துக்கொண்டால் விளக்கு எரிந்த இடத்திலேயே நீங்களே படித்துப் படம் எடுத்துவிடலாம். அதற்கு மேல் ஹார்ன், லைட் என்று எதையும் வெளியில் மாட்டாதீர்கள். ஒரு வயரை வெட்டி ஒட்டியிருந்தால் போதும், மொத்தப் பழியையும் அதன் மேல் போட்டுவிடுவார்கள்.

ஜாப் கார்டில் உங்கள் புகார் உங்கள் வார்த்தையில் வர வேண்டும். 'பிக்கப் குறைவு' என்று அட்வைசர் டைப் செய்தால் விடாதீர்கள். 'பைபாஸில் 45 நிமிடம் ஓடியதும் எஞ்சின் விளக்கு எரிந்து வேகம் 40க்கு மேல் ஏறவில்லை, ஏழாவது முறை' என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். அப்புறம் கூட்டு டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். அவர்கள் டெக்னீஷியன் பக்கத்தில் உட்கார, ஸ்கேனர் செருகியபடி, ஏசி போட்டு, நீங்கள் ஓட்டுங்கள். செங்கப்பள்ளி தாண்டிப் பவானி வரை போனால் போதும். புறப்பட்ட கிலோமீட்டரும் விளக்கு எரிந்த கிலோமீட்டரும் ஜாப் கார்டில் ஏற வேண்டும். வண்டியை எடுக்கும்போது நீட்டும் திருப்திப் படிவத்தில் 'கோளாறு தீர்ந்ததா என்று ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்' என்று கையால் எழுதி அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். கேட் பாஸ் தர மாட்டோம் என்று மிரட்டுவார்கள். பயப்பட வேண்டாம், உங்கள் வண்டி அது.

இனி யூனிட் பெயர் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த அரைகுறைத் தகவலை நம்பிப் பலர் வழக்கே போடாமல் விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்கிறது. கம்பெனி பெயரில் வாங்கினால் வணிகம் என்று அது சொல்லவில்லை. ஆர்சி புத்தகத்தில் யார் பெயர் என்பதை விட, வண்டி எதற்கு ஓடுகிறது என்பதுதான் கேள்வி. லாபம் ஈட்டும் வேலையோடு அந்த வண்டிக்கு நேரடித் தொடர்பு இருக்கிறதா? ஒரு கம்பெனி தன் இயக்குநருக்காக வாங்கிய சொகுசுக் காரில் தரை நடுப்பகுதி தாங்க முடியாமல் சூடான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொன்னது. இயக்குநர் சொந்த உபயோகத்துக்கு ஓட்டுவது வணிக நோக்கம் ஆகாது என்றது. வணிக நோக்கம் என்று சொல்பவர்கள்தான் அதை நிரூபிக்கவும் வேண்டும், நீங்கள் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, யூனிட்டுக்கு நீங்கள் போய்வருவது, இவற்றுக்கு ஓடுகிற வண்டிக்கு நீங்கள் நுகர்வோர்தான். ஆனால் பீஸ் பண்டல் ஏற்றி டெலிவரிக்கு விடுகிறீர்கள் என்றால் எதிர்த்தரப்புக்கு அது அல்வா மாதிரி. இனி ஒரு பண்டல்கூட ஏற்றாதீர்கள். வருமான வரியில் வண்டிக்குத் தேய்மானக் கணக்கு காட்டியிருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு வருவார்கள்; அது ஒன்றை மட்டும் வைத்து உங்களை வெளியே தள்ளிவிட முடியாது என்று வாதாட இடமிருக்கிறது. வாடகைக்கு ஓடும் வண்டியாக இருந்தாலும், பிழைப்புக்காக ஒருவர் தானே ஓட்டினால் சட்டம் அவரையும் நுகர்வோராகவே பார்க்கிறது. புகார் யூனிட் பெயரில், பங்குதாரர் மூலமாக என்று போக வேண்டும். உங்கள் சொந்தப் பெயரில் போட்டால் அந்த ஒரு காரணத்துக்கே தள்ளுபடி செய்துவிடலாம். யூனிட் லெட்டர்பேடில் தம்பியின் ஒப்புதல் கடிதத்தை இப்போதே வாங்கி வையுங்கள்.

புது வண்டி கிடைக்குமா என்று கேட்டீர்கள். நேராகச் சொல்கிறேன், அது கடினம். ஒரு பார்ட்டை மாற்றினால் சரியாகும் என்றால் முழு வண்டியை மாற்றச் சொல்ல முடியாது, வாரண்டியில் இருப்பது பார்ட் மாற்றம்தான் என்று 2006லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2010இல் இன்னொரு வழக்கில், தனி நிபுணர் பரிசோதித்து உற்பத்திக் குறை என்று சொன்னால் வண்டி விலையை 12 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே எல்லாமே அந்த நிபுணர் அறிக்கையில் நிற்கிறது. புகாரிலேயே, வண்டியைத் தகுந்த இடத்தில் பரிசோதிக்க உத்தரவிடுமாறு கேளுங்கள். பெரும்பாலும் அரசுப் பொறியியல் கல்லூரி ஆட்டோமொபைல் துறைக்கு அனுப்புவார்கள். பரிசோதனைக் கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். கோரிக்கையை முதலில் பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் செலவில்லாமல் முழுதாகச் சரிசெய்து வாரண்டியை நீட்டித்துக் கொடு, கூடவே நஷ்டஈடு என்று படிப்படியாக வையுங்கள். புது வண்டி மட்டுமே வேண்டும் என்று நின்றால் கையில் எதுவும் கிடைக்காமல் போகலாம்.

எதிர்த்தரப்பில் டீலரையும் தயாரிப்பாளரையும் சேர்த்தே போடுங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் கையை விரிப்பார். அதற்கு முன் இருவருக்கும், ஆறு விசிட்டின் தேதியும் கிலோமீட்டரும் போட்டு, பதினைந்து நாள் கெடு வைத்து, ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் பதிவு செய்யுங்கள். சில நேரம் கம்பெனியின் மேல்மட்டத்தில் யாராவது பேசுவார்கள். ஆனால் உதவி எண்ணில் இருப்பவர்களால் உத்தரவு போட முடியாது, வழக்குக்கான இரண்டு வருடக் காலக்கெடுவும் அதற்காகக் காத்திருக்காது. இன்வாய்ஸில் வழக்கு கோவையில்தான் என்று அச்சிட்டிருந்தாலும் கவலை வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். உங்கள் வண்டி விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். ஈஎம்ஐ மட்டும் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள், வங்கிக்கு இந்தச் சண்டையில் சம்பந்தமில்லை.

பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பது வேறு. மேலே சொன்ன சொகுசுக் கார் வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் உத்தரவு போட்டது 2007இல், உச்ச நீதிமன்றம் முடித்தது 2024இல். நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் வேகம் செத்துப்போகும் வண்டியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனை வாய்தா காத்திருக்கும்? தயாரிப்பாளர் வக்கீல் நேரம் கேட்டால் கொடுப்பதை ஆணையங்கள் முதலில் நிறுத்த வேண்டும்.

இந்தக் காத்திருப்பை வைத்துத்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். கடிதம் போனதும் டீலரின் சேல்ஸ் ஆள் கூப்பிட்டு எக்ஸ்சேஞ்சில் நல்ல விலை போட்டுத் தருகிறேன் என்பார். கூடவே எல்லாக் கோரிக்கையும் முழுமையாகத் தீர்ந்தது என்று ஒரு தாள் வரும். 13 லட்ச வண்டியைப் பழைய வண்டி விலைக்குக் கொடுத்து, வழக்குப் போடும் உரிமையையும் அந்தத் தாளோடு விட்டுவிடுவீர்கள். இன்னொரு ரகம், 'ஆணையத்தில் எனக்கு ஆள் இருக்கிறது, வருவதில் 20 சதவீதம் கொடுங்கள்' என்று வரும் கன்சல்டன்ட். இவருக்கு எரர் கோடு என்றால் என்னவென்றே தெரியாது. முன்பணம் கேட்பவரிடம் ஒரிஜினல் ஜாப் கார்டைக் கொடுத்துவிடாதீர்கள், அதைத் திரும்ப வாங்க அவருக்கே பணம் கட்ட வேண்டிவரும்.

பழைய ஆறு ஜாப் கார்டில் ஏதாவது தொலைந்திருந்தால், வண்டியின் சர்வீஸ் ஹிஸ்டரியை டீலரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். அது தயாரிப்பாளரின் சிஸ்டத்தில் இருக்கும். அடுத்த முறை விளக்கு எரிந்தால் உடனே ஆஃப் செய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். பாதுகாப்பாக ஓரங்கட்டி, ஹசார்டு லைட் போட்டு, எரியும் விளக்கும் கிலோமீட்டரும் தெரிகிற மாதிரி முதலில் ஒரு வீடியோ எடுங்கள்.