அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்காக ஏஆர்-15 வாங்கியிருக்கிறேன். அதற்கு அவசியமான அக்சஸரிகள் என்னென்ன?

டெக்சாஸ்ல வீடு வாங்கி, 16 இன்ச் பேரல் (குழல்) இருக்கற ஏஆர்-15 ரைஃபிள் ஒண்ணும் எடுத்துட்டீங்க, கடைக்காரர் ரெட் டாட் (குறி வைக்க சிவப்புப் புள்ளி காட்டற சைட்), மேக்னிஃபையர் (டாட்டுக்குப் பின்னாடி வைக்கற பெருசாக்கற கண்ணாடி), லேசர், பைபாட் (ரெண்டு கால் ஸ்டாண்டு), மசில் பிரேக் (பேரல் முனைல மாட்டறது)னு துப்பாக்கி விலையவிட பெரிய லிஸ்ட்டா நீட்டியிருக்கார், இதுல எது நிஜமா தேவைன்னு கேட்டிருக்கீங்க. துப்பாக்கி மேல மாட்ட வேண்டியது மூணே மூணு: லைட், ரெட் டாட், ஸ்லிங் (தோள்ல மாட்டற பட்டை). வெளியில இருக்க வேண்டியது ரெண்டு: சேஃப், காதுக்கு மஃப். மிச்சமெல்லாம் கடைக்காரர் பொழப்பு.

நீங்க கிரீன் கார்டுன்னு போட்டிருக்கீங்க, அதனால பிரச்சினை இல்ல. ஆனா இதை எச்-1பி மக்களும் படிப்பீங்க, அதனால ஒரு வார்த்தை. ஃபெடரல் சட்டப்படி நான்-இமிக்ரன்ட் விசால (எச்-1பி மாதிரி தற்காலிக விசா) இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கவே கூடாது. ஸ்டேட் ஹண்டிங் லைசென்ஸ் வச்சிருந்தா விதிவிலக்கு உண்டு, ஆனா யாரோ ஆஃபீஸ்ல சொன்னாங்கன்னு இறங்காதீங்க, முதல்ல வக்கீல்கிட்ட பேசுங்க. மாட்டினா விசாவோட போற விஷயம் இல்ல, ஃபெலனி, அதாவது பெரிய கிரிமினல் குற்றம்.

இப்ப லைட். கைல காசு கம்மியா இருந்து ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னா நான் ரெட் டாட்டைக்கூட தள்ளி வச்சுட்டு லைட்டைத்தான் வாங்கச் சொல்லுவேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஹால்ல சத்தம் கேக்குது, யாருன்னு தெரியல, நம்ம வீடுகள்ல அது யாரா இருக்க வாய்ப்பு அதிகம்னு யோசிச்சுப் பாருங்க. ஊர்ல இருந்து வந்திருக்கிற அப்பா அம்மா. ஜெட்லாக்ல தூக்கம் வராது, நம்ம தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதுன்னு லைட்டே போடாம இருட்டுல தடவிக்கிட்டே கிச்சனுக்குப் போயி பால் காய்ச்சுவாங்க, பாத்திரம் ஒண்ணு கீழ விழும். யாருன்னு கண்ணால பாக்காம ட்ரிகர் பக்கம் விரல் போகவே கூடாது, அதுக்குத்தான் இந்த லைட்.

ஆனா இதுலயே ஒரு சிக்கலும் இருக்கு, இதை யூட்யூப்ல பாதி பேர் சொல்றதில்ல. துப்பாக்கில மாட்டின லைட்டை வச்சு யாரையாவது தேடினீங்கன்னா நீங்க வெளிச்சம் அடிக்கிற ஒவ்வொருத்தர் மேலயும் பேரலை நீட்டறீங்கன்னு அர்த்தம், அம்மா மேலயும்தான். அதனால கைல பிடிக்கற டார்ச் ஒண்ணு கட்டில் பக்கத்துலயே தனியா இருக்கணும், சுவத்துல ஸ்விட்ச் இருந்தா அதைப் போடுங்க, "யாரு"ன்னு சத்தமா கேளுங்க, நம்ம ஆளா இருந்தா பதில் வரும். துப்பாக்கி கைல இருக்கும்போது லைட் போட வேண்டி வந்தா பேரலைக் கீழ தரையைப் பாத்து வச்சு போடுங்க, 1000 லூமன் லைட்டுன்னா நம்ம வெள்ளைச் சுவத்துல பட்டுத் தெறிச்சு அந்த ரூம் முழுக்க வெளிச்சமாயிடும், எதிர்ல இருக்கறவர் முகம் நல்லாவே தெரியும்.

ஸ்ட்ரீம்லைட்ல ப்ரோடாக் வரிசை போதும், கைல தாராளமா இருந்தா ஷ்யூர்ஃபயர் ஸ்கவுட். ஒயர் வச்ச ப்ரெஷர் பேட் (அழுத்தினா லைட் எரியற பேட்) வேணாம்னு நினைக்கிறேன், ஒயர் எதுலயாவது மாட்டும், பேட்ல கை தெரியாம அழுத்திடும். பின்னாடி கிளிக் பட்டன் இருக்கற மாடல் போதும், கட்டை விரல் எட்டற இடத்துல மாட்டிக்கோங்க. ரேஞ்சுல சுட்டு முடிச்சதும் லென்ஸைப் பாருங்க, கரி படிஞ்சு கருப்பா இருக்கும், துடைக்காம விட்டா வெளிச்சம் பாதியாயிடும்.

ரெட் டாட்ல நான் பாக்கறது ஒரே விஷயம், ஆன் பண்ணா ஆன்லயே கிடக்கணும். தூக்கத்துல எந்திரிச்சு பட்டன் தேடற நிலைமை வேணாம். எய்ம்பாயின்ட் ப்ரோ ஒரு பேட்டரில 30,000 மணி நேரம் ஓடும், அதாவது மூணு வருஷத்துக்கு மேல, அணைக்கவே வேண்டாம். ஆனா அதுல போடற பேட்டரி எல்லாக் கடைலயும் கிடைக்காது, எக்ஸ்ட்ரா ஒண்ணு வாங்கி வச்சிருங்க. பட்ஜெட் இடிச்சா ஹோலோசன், அல்லது சிக் ரோமியோ 5, ரோமியோ தானா தூங்கும், துப்பாக்கியை எடுத்து அசைச்சாலே முழிச்சுக்கும். போடறது சிஆர்2032, சூப்பர் மார்க்கெட்லயே தொங்கும். எதை வாங்கினாலும் பொறந்த நாளுக்குப் பொறந்த நாள் பேட்டரி மாத்திடுங்க.

கண்ணுல அஸ்டிக்மாடிசம் (புள்ளி வெளிச்சம் சிதறித் தெரியற பார்வைக் குறை) இருக்கான்னு பாத்துக்கோங்க. எங்க வீட்டம்மா என் டாட்டைப் பாத்துட்டு "என்னங்க இது, கம்பி மத்தாப்பு மாதிரி சிதறுது"ன்னாங்க. டாட் மேல தப்பு இல்ல, கண்ணு அப்படி. வெளிச்சத்தைக் குறைச்சாலோ கண்ணாடி போட்டாலோ சரியாகும், அப்படியும் ஆகலைன்னா ப்ரிசம் சைட் வாங்குங்க, அதுல குறி கண்ணாடிலயே செதுக்கியிருக்கும், சிதறாது, பேட்டரி செத்தாலும் கருப்பாத் தெரியும்.

டாட் விஷயத்துல இன்னொண்ணு, ரேஞ்சுல போயி நேர்ல பாருங்க. டாட் பேரலுக்கு மேல கிட்டத்தட்ட 2.6 இன்ச் உயரத்துல உக்காந்திருக்கு. 50 யார்டுல ஜீரோ பண்ணிட்டு (டாட் இருக்கற இடத்துலயே தோட்டா படற மாதிரி சைட்டைச் சரி பண்ணிட்டு) பேப்பரை 7 யார்டுக்கு இழுத்து, நடுப் புள்ளில டாட்டை வச்சு சுட்டீங்கன்னா ஓட்டை ரெண்டு இன்ச்சுக்கும் மேல கீழ விழுந்திருக்கும். சைட் கெட்டுப் போச்சுன்னு திருகிடாதீங்க, அது அப்படித்தான், வீட்டுக்குள்ள இருக்கற தூரமெல்லாம் இதுக்குள்ளதான் வருது, அதனால இதைப் பழகித்தான் ஆகணும்.

ஸ்லிங் பத்தி அதிகம் பேச ஒண்ணும் இல்ல. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல மாட்டற டூ-பாயின்ட் வாங்குங்க. போன்ல 911 (அவசர உதவி எண்) பேசணும், குழந்தையைத் தூக்கணும், கதவைத் திறக்கணும், எதுக்கா இருந்தாலும் ஒரு கை வேணும், துப்பாக்கியைக் கீழ வைக்க முடியாது.

காது விஷயத்தை யாரும் சீரியஸா எடுத்துக்கறதே இல்ல. 16 இன்ச் பேரல்ல இருந்து வர்ற 5.56 (ஏஆர்-15ல போடற தோட்டா) சத்தம் 160 டெசிபலுக்கு மேல, 140ஐத் தாண்டினா ஒரே ஒரு வெடிலயே காது நிரந்தரமா பாதிக்கப்படலாம், இதுல நீங்க இருக்கறது மூடின பெட்ரூம். எலக்ட்ரானிக் இயர் மஃப் வாங்கி துப்பாக்கி கூடவே வச்சிருங்க, சின்னச் சத்தத்தைப் பெருசாக்கித் தரும், பெரிய சத்தத்தை அடைச்சிடும், காலடிச் சத்தம்கூட வெறுங்காதைவிட நல்லாக் கேக்கும். உங்க லிஸ்ட்ல இருக்கற மசில் பிரேக் இதுக்கு நேர் எதிரி. அது ரீகாயிலைக் (சுடும்போது துப்பாக்கி பின்னாடி உதைக்கறதை) குறைக்கறதுக்காக கேஸை ரெண்டு பக்கமும் திருப்பி அடிக்கும், போட்டிக்குப் போறவங்களுக்கு நல்லது, வீட்டுக்குள்ள உங்க காதுக்கும் பக்கத்துல நிக்கறவங்க காதுக்கும் சேத்து வேட்டு. துப்பாக்கியோட வந்த ஃப்ளாஷ் ஹைடர் (பேரல் முனைல வர்ற தீ வெளிச்சத்தைக் குறைக்கறது) அப்படியே இருக்கட்டும். சப்ரஸர் (சத்தத்தைக் குறைக்கற சைலன்சர்) வாங்கலாமான்னா டெக்சாஸ்ல தாராளமா வாங்கலாம், 1934ல இருந்து இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம் ஆயிடுச்சு, ஆனா கைரேகை, ஃபெடரல் ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் இன்னும் உண்டு. அது மாட்டினாலும் சத்தம் போயிடாது, சினிமால காட்டற "புஸ்" எல்லாம் கிடையாது.

சேஃப். வீட்டுல குழந்தைங்க இருக்காங்கன்னா இது சாய்ஸே இல்ல. டெக்சாஸ் சட்டத்துல 17 வயசுக்குக் கீழ இருக்கறவங்க கைல உங்க அஜாக்கிரதையால சுடற நிலைமைல இருக்கற துப்பாக்கி கிடைச்சாலே குற்றம், அது வெடிச்சு யாருக்காவது உயிர் போனாலோ பலத்த காயம் ஆனாலோ ஒரு வருஷம் வரை ஜெயில். இதுல உங்க குழந்தை மட்டும் கணக்கு இல்ல, சனிக்கிழமை பாட்லக்குக்கு வர்ற பத்து வீட்டுப் பிள்ளைங்களும் மாடில பெட்ரூம்லதான் ஒளிஞ்சு விளையாடும். அலமாரி மேல வச்சிருக்கேன், கட்டிலுக்கு அடில வச்சிருக்கேன், அவங்களுக்குத் தெரியாதுன்னு சொல்றவங்களைக் கேட்டா எனக்கு சிரிப்பு வராது, பயம்தான் வரும். ஒரு ரைஃபிள் மட்டும் போடற மாதிரி ஃபாஸ்ட் ஆக்சஸ் பெட்டி கிடைக்குது, சுவரோட போல்ட் போட்டு இறுக்கிடுங்க. கைரேகை லாக் ஈர விரல்ல சில நேரம் திறக்காது. நான் வச்சிருக்கறது அஞ்சு பட்டன் மெக்கானிக்கல் பூட்டு, பேட்டரியே கிடையாது, கரன்ட் இல்லாத இருட்டுலயும் விரல் தானாப் போயி அழுத்தும்.

தோட்டா அக்சஸரி இல்ல, இருந்தாலும் சொல்லிடறேன், ஏன்னா நம்ம ஊர் செங்கல் சுவர் ஞாபகத்துல இங்க யோசிக்கக் கூடாது. இங்க உள் சுவர்னா மரக் கட்டைக்கு ரெண்டு பக்கமும் அரை இன்ச் ட்ரைவால் (ஜிப்சம் பலகை), குத்தினா கையே உள்ள போயிடும். ஒரு ஆளை நிறுத்தற எந்தத் தோட்டாவும் அதைத் தாண்டிப் போகும், லேசான 5.56 தோட்டா சிலது சுவத்துல பட்டுப் பிரண்டு உடைஞ்சு சீக்கிரம் வேகம் இழக்கும்கறது உண்மைதான், ஆனா அதுவும் அடுத்த ரூமுக்குப் போகத்தான் செய்யும். குழந்தை ரூம் எந்தப் பக்கம், அப்பா அம்மா படுக்கற ரூம் எந்தப் பக்கம்னு பகல்லயே வீட்டைச் சுத்திப் பாத்து, எந்தத் திசைல சுடவே கூடாதுன்னு முடிவு பண்ணிடுங்க. அதைவிட நல்லது, எல்லாரும் ஒரே ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டு 911க்குப் பேசறது, ஹால்ல இறங்கி யாரையும் தேட வேண்டாம்.

மேக்னிஃபையர், லேசர், பைபாட் மூணையும் அடிச்சிடுங்க. 10 அடி ஹால்ல பைபாட் விரிச்சுப் படுக்கப் போறீங்களா என்ன. அந்தக் காசுக்கு ஒரு நாள் கிளாஸ் போங்க, மிச்சத்துக்கு தோட்டா. டாட்டும் லைட்டும் மாட்டின ஸ்க்ரூவுக்கு நீல லாக்டைட் (ஸ்க்ரூ கழண்டு வராம பிடிக்கற பசை) வச்சு இறுக்கிட்டு, ஸ்க்ரூ தலையும் மவுன்ட்டும் சேர்ற இடத்துல நெயில் பாலிஷால ஒரு கோடு போடுங்க, கோடு விலகியிருந்தா ஸ்க்ரூ லூஸ்னு ஒரே பார்வைல தெரியும்.

கலிஃபோர்னியால இருக்கற தம்பிக்கும் இதே செட்டப் வாங்கலாமான்னு கடைசில கேட்டிருந்தீங்க. அப்படியே வாங்க முடியாது. அங்க கழட்டி மாட்டற மேகசின் (தோட்டா அடைக்கற பெட்டி) வச்ச ஏஆர்ல பிஸ்டல் க்ரிப் (கைத்துப்பாக்கி மாதிரி பிடி), நீட்டிக் குறைக்கற ஸ்டாக் (தோள்ல வைக்கற பின் கட்டை), ஃப்ளாஷ் ஹைடர் இதுல எது ஒண்ணு இருந்தாலும் அது சட்டம் தடை பண்ணின அசால்ட் வெப்பன், மேகசின் 10 ரவுண்டுக்கு மேல வாங்க முடியாது, சப்ரஸர் கிடையவே கிடையாது. லைட்டும் ரெட் டாட்டும் ஸ்லிங்கும் அங்கயும் ஓகே. துப்பாக்கியை மட்டும் அவரை அங்க இருக்கற கடைலயே பாத்து எடுத்துக்கச் சொல்லுங்க, நீங்க இங்க வாங்கி கார்ல போட்டு எடுத்துட்டுப் போயி கொடுத்துடாதீங்க, ஸ்டேட் தாண்டிக் கொடுக்கறது லைசென்ஸ் உள்ள டீலர் வழியா மட்டும்தான் நடக்கணும்.