"நீங்க போயிட்டு வாங்க, நான் வரல"

அன்புள்ள மேடம்,

நாங்கள் திருச்சிக்காரர்கள். இவர் வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் வந்து 6 வருடம் ஆகிறது, மிட்ராண்டில் இருக்கிறோம். பையனுக்கு 8 வயது, பாப்பாவுக்கு 4. பையன் இன்னும் ராத்திரி படுக்கையில் உச்சா போய்விடுகிறான், வாரத்தில் நாலு நாள், சில வாரம் ஐந்து நாள். பகலில் ஒரு தொந்தரவும் இல்லை, படிப்பு, கிரிக்கெட் எல்லாம் ஜோர். பிறந்ததிலிருந்து சேர்ந்தாற்போல ஒரு மாதம் கூடக் காய்ந்த படுக்கையில் எழுந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டில் இருந்தவரை இது எனக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக ஓடிக்கொண்டிருந்தது.

போன ஈஸ்டர் லீவில்தான் எல்லாம் கெட்டது. மூன்று தமிழ்க் குடும்பமாகச் சேர்ந்து டர்பன் தாண்டி பாலிட்டோ கடற்கரையில் ஒரு வீடு எடுத்தோம். பிள்ளைகள் ஐந்து பேருக்கும் ஹாலில் மெத்தை போட்டு ஒன்றாகப் படுக்க வைத்தார்கள், நானும் ரெண்டு நாள்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விடிகாலை மூன்று மணி இருக்கும், சமையலறையில் குழாய்ச் சத்தம். போய்ப் பார்த்தால் இவன் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தாகம் போல என்று நினைத்தேன். அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் மெத்தையில் ஊற்றினான் மேடம், தான் படுத்திருந்த இடத்திலேயே. காலையில் 'பாட்டில் கொட்டிடுச்சு' என்று சொல்வதற்கு. என்னை அவன் பார்க்கவில்லை, நான் இருட்டில் அப்படியே நின்றேன்.

ஆனால் வாடை காட்டிக் கொடுத்துவிட்டது. கூடப் படுத்திருந்த பையன் ஒருவன், இவனைவிட இரண்டு வயது பெரியவன், 'வால் டேம்' என்று பேர் வைத்தான். ஜோபர்க்குக்குத் தண்ணீர் அந்த அணையிலிருந்துதானே, டேமில் எத்தனை பர்சென்ட் இருக்கிறது என்று பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளைகளும் கேட்டு வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் எல்லார் முன்னாலும் 'இன்னைக்கு டேம் எத்தனை பர்சென்ட்டு?' என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு 'பாப்பாவே போறதில்ல, உனக்கென்னடா' என்று அவனைத் திட்டு வேறு.

இப்போது டிசம்பர் மூன்றாவது வாரம் அதே மூன்று குடும்பம், க்ரூகர் பார்க், சிங்கம் பார்க்கிற வனவிலங்குப் பூங்கா. ஹேசிவியூவில் ஒரே வீட்டில் மூன்று ராத்திரி, அப்புறம் பார்க்குக்குள்ளே ஸ்குகுசா கேம்பில் இரண்டு ராத்திரி, அதுவும் டென்ட், டாய்லெட் வெளியே பொதுவாக இருக்கும். சிங்கம் படம் போட்ட தலையணை உறை இல்லாமல் தூங்காத பையன், 'நீங்க போயிட்டு வாங்க, நான் பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட இருந்துக்கறேன்' என்கிறான். பேச்சை எடுத்தாலே வயிற்றுவலி என்கிறான்.

இவர் சொல்வது, நாலு மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்காதே, தானாக நின்றுவிடும். ஒரு தோழி, மாத்திரை இருக்கிறது, டூருக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்கிறாள். ஊரிலிருந்து அத்தை வீடியோ காலில் கருப்பு எள்ளும் வெல்லமும் இடித்துக் கொடுக்கச் சொன்னார், சொன்னவர் சும்மா இராமல் 'இவன் அப்பனும் ஆறாங்கிளாஸ் வரைக்கும் பாயை நனைச்சவன்தானே' என்று போட்டு உடைத்துவிட்டார். இவர் போனைப் பிடுங்கிக் கட் செய்தார். அன்றிலிருந்து இந்தப் பேச்சு வந்தாலே எரிந்து விழுகிறார்.

டூரையே ரத்து செய்துவிடலாமா? இத்தனை பெரிய பையனுக்கு நாப்பி போட்டால் இன்னும் கூனிக் குறுகிப் போய்விடுவானா?

பெயர் வேண்டாம், மிட்ராண்ட்

---

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பாட்டில் தண்ணீரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். விடிகாலை மூன்று மணிக்கு, புது வீட்டில், இருட்டில், எட்டு வயதுப் பிள்ளை தனியாக எழுந்து இப்படி ஒரு யோசனை செய்திருக்கிறான். அவனைச் சோம்பேறி, அக்கறை இல்லாதவன் என்று இனி வீட்டில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். அக்கறை அவனுக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

டூரை ரத்து செய்ய வேண்டாம், அவனை விட்டுவிட்டும் போக வேண்டாம். இரண்டில் எதைச் செய்தாலும் 'உன்னால்தான்' என்று எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். ஆனால் ஒன்று, இந்த ஐந்து ராத்திரியில் அவனைக் குணப்படுத்தப் பார்க்காதீர்கள். டூரில் சமாளிப்பது மட்டும்தான் வேலை, சரிசெய்கிற வேலையை ஜனவரிக்குத் தள்ளி வையுங்கள். பெரும்பாலான பெற்றோர் இங்கேதான் குழப்பிக்கொள்கிறார்கள், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் தண்ணீரை நிறுத்தி, மிரட்டி, பரிசு தருவதாகச் சொல்லி, கடைசியில் பிள்ளை பயத்தோடு காரில் ஏறுகிறது.

இது ஏன் வருகிறது என்பது உங்கள் கணவருக்கும் தெரிய வேண்டும். ராத்திரியில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்க உடம்பில் வாசோபிரெசின் என்று ஒரு ஹார்மோன் கூடுதலாகச் சுரக்க வேண்டும், சில பிள்ளைகளுக்கு அது சரியாக அமையத் தாமதமாகிறது. சிலருக்கு மூத்திரப் பை சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. இதோடு, நிரம்பியதும் மூளை எழுப்பிவிட வேண்டும், அந்த மணி இவர்களுக்கு அடிப்பதில்லை. 7 வயதில் 100 பிள்ளைகளில் 5 முதல் 10 பேருக்கு இது உண்டு, ஆண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகம். அவன் வகுப்பிலேயே இன்னும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள், வாயைத் திறக்கமாட்டார்கள், அவ்வளவுதான். பெற்றோரில் ஒருவருக்குச் சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வர 100-க்கு 40-க்கு மேல் வாய்ப்பு, இருவருக்கும் இருந்திருந்தால் 70-க்கு மேல். பாப்பாவோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை, அப்பாவின் மூக்கு அவளுக்கு வராமல் இவனுக்கு வந்த மாதிரிதான் இதுவும்.

ஆகவே உங்கள் அத்தை போட்டு உடைத்ததுதான் இந்தக் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி. (எள்ளுருண்டையும் கொடுங்கள், நல்ல பண்டம், இதை நிறுத்தும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.) உங்கள் கணவர் சிரித்தது கல் நெஞ்சத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லார் முன்னாலும் தன் பழைய பாய் விரித்துக் காட்டப்பட்டது போல இருந்திருக்கும், தப்பிக்கச் சிரித்துவிட்டார். அவரிடம் 'நீங்களும்தானே' என்று சண்டையில் எடுத்து வீசாதீர்கள், அப்படிச் செய்தால் வாயை இன்னும் இறுக்கிக்கொள்வார். தனியாக இருக்கும்போது அந்தப் பாட்டில் கதையை அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஒன்றும் கேட்காதீர்கள். ஆறாங்கிளாஸ் வரை பாய் நனைத்த ஒருவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அப்புறம் அவரே பையனிடம், காரில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடியே சொல்லட்டும்: 'எனக்கும் இருந்துச்சுடா, கல்யாண வீட்டுக்குப் போனா பயந்து தூங்காமலே கிடப்பேன், அப்புறம் தானா நின்னுடுச்சு.' அன்று பாலிட்டோவில் சிரித்ததற்கும் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது. என்னால் எழுதித் தர முடிந்த எந்த யோசனையைவிடவும் இது அவனுக்கு அதிகம் உதவும்.

அடுத்தது அந்த டேம் பேர். கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பையனின் அம்மாவுக்கு நீங்களே போன் செய்துவிடுங்கள், குழுவில் எழுத வேண்டாம். நடந்ததைச் சொல்லி, இந்தத் தடவை அந்தப் பேரும் அந்தக் கேள்வியும் காதில் விழக்கூடாது, பெரியவர்கள் வாயிலிருந்தும்தான் என்று கறாராகச் சொல்லலாம், மூன்று குடும்ப சிநேகம் இதில் முறிந்துவிடாது. ஆனால் போன் செய்வதை முதலில் உங்கள் பையனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவன் விஷயம் அவனுக்குத் தெரியாமல் இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது. யாராவது கேட்டுவிட்டால் சொல்ல அவனுக்கு ஒரு வரி வைத்துக்கொடுங்கள். 'ஆமா, எனக்குத் தூக்கம் ஜாஸ்தி, டாக்டர் சரியாயிடும்னு சொல்லிட்டாங்க' என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடலாம்.

படுக்கைக்கு வருகிறேன். நனையாத விரிப்பு இரண்டு வாங்குங்கள். மெத்தை மேல் ஒன்று, அதன் மேல் பெட்ஷீட், மறுபடி நனையாத விரிப்பு, மறுபடி பெட்ஷீட், இப்படி இரண்டு அடுக்காக விரித்துவிட்டால் ராத்திரி நனைந்ததும் மேல் அடுக்கை உருவி எடுத்தால் போதும், கீழே காய்ந்த படுக்கை தயாராக இருக்கும். விளக்கு போட வேண்டாம், பீரோ திறக்க வேண்டாம், இரண்டு நிமிஷத்தில் மறுபடி தூங்கிவிடலாம். உருவியதைப் போட ஜிப் வைத்த நீச்சல் பை ஒன்று, ஈரத்துணியோடு பிள்ளைகள் அலைகிற டிசம்பரில் அதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். இந்தப் பையை அவனே அடுக்கட்டும். மெத்தையில் பட்டுவிட்டால் துண்டை வைத்து அழுத்தி ஒற்றி எடுத்து, வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தெளித்துக் காயவிடுங்கள், வாடை போய்விடும்.

நாப்பி பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் தினமும் என்றால் யோசிப்பேன், டூருக்குத் தாராளமாகப் போடலாம், ஆனால் அவன் சரி என்றால் மட்டும். ஜட்டி மாதிரியே இழுத்துப் போட்டுக்கொள்கிற ட்ரைநைட்ஸ் கிளிக்ஸ், டிஸ்-கெம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. கடைக்கு அவனைக் கூட்டிப்போய் அந்தப் பாக்கெட்டைக் காட்டுங்கள், 8 முதல் 15 வயது என்று போட்டிருக்கும். தன்னைவிடப் பெரிய பிள்ளைகளுக்கும் ஒரு கம்பெனி சைஸ் போட்டு விற்கிறது என்றால் உலகத்தில் தான் ஒருவன் இல்லை என்று அவனே புரிந்துகொள்வான், நீங்கள் பாடம் நடத்த வேண்டாம். மேலே ஒரு தொளதொள ஷார்ட்ஸ், படுக்க ஸ்லீப்பிங் பேக், போட்டதும் தெரியாது கழற்றியதும் தெரியாது.

ஸ்குகுசாவில் பாத்ரூம் சேர்ந்த குடிசை வீடு காலியாகிறதா என்று தினம் ஒரு தடவை பாருங்கள், டிசம்பரில் கஷ்டம்தான், ஆனாலும் கடைசி நேரத்தில் சிலர் ரத்து செய்வார்கள். டென்ட்தான் என்றால், கழுதைப்புலி கத்துகிற இருட்டில் எட்டு வயதுப் பிள்ளை பொது டாய்லெட்டுக்கு நடந்து போவான் என்று கனவிலும் நினைக்காதீர்கள். நான் போகவே பத்து தரம் யோசிப்பேன். வாய் அகன்ற மூடி போட்ட பாட்டில் ஒன்று டென்டுக்குள்ளேயே இருக்கட்டும். லோட்ஷெடிங் காலத்தில் வாங்கிய சார்ஜ் விளக்கு வீட்டில் மூலையில் கிடக்குமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தூங்கப் போகும்போது ஒரு தடவை அவனை எழுப்பிப் போக வைக்கலாம், அது பழக்கத்தை மாற்றாது, அந்த ராத்திரியை வேண்டுமானால் காப்பாற்றும். டிசம்பரில் கேம்ப் கேட்டை விடிகாலை 4.30-க்கே திறப்பார்கள், எல்லாரும் அலாரம் வைத்து ஓடுவீர்கள், தூக்கம் குறைந்த பிள்ளை அடுத்த ராத்திரி இன்னும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கும். மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்க வையுங்கள்.

நாலு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை என்பது கூடவே கூடாது, அங்கே டிசம்பர் கோடைகாலம், 35 டிகிரி சர்வசாதாரணம். காலையிலும் மத்தியானத்திலும் நிறையக் குடிக்க வைத்தால் சாயங்காலம் தானாகக் குறையும். உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. காரில் வழி நெடுக பில்டாங் என்கிற உப்புக்கண்டமும் சிப்ஸும், ராத்திரி எட்டு மணிக்குக் கறி சுடுகிற ப்ராய் அடுப்பு மூட்டி ஒன்பது மணிக்குக் கறி, கையில் கோக். உப்பும் கறியும் தாகத்தைக் கிளப்பும், ராத்திரி சிறுநீரையும் கூட்டும், கோக்கிலும் டீயிலும் கஃபீன் வேறு இருக்கிறது. பிள்ளைகளுக்கு மட்டும் ஆறரைக்கே சாப்பாடு போட்டுவிடுங்கள், சூடாக ஏதாவது வேண்டுமென்றால் ரூய்போஸ் மூலிகை டீ, அதில் கஃபீன் கிடையாது. அப்புறம் மலச்சிக்கல். ரொட்டியும் கறியுமாக நாலு நாள் போனால் குடல் கட்டிக்கொண்டு மூத்திரப் பையை நெருக்கும், பப்பாளியும் மாம்பழமும் ஹேசிவியூ பக்கம் சாலையோரத்திலேயே விற்பார்கள், வாங்கிக் கொடுங்கள்.

தோழி சொன்ன மாத்திரை டெஸ்மோபிரெசினாக இருக்க வேண்டும். நல்ல மருந்துதான், டூருக்கு என்றே பல டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். ஆனால் சீட்டு இல்லாமல், இன்னொரு பிள்ளைக்கு வாங்கியதில் மிச்சம் இருந்ததைக் கொடுக்கக் கூடாது. இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே டாக்டரைப் பார்த்து வீட்டில் சில ராத்திரி போட்டுப் பாருங்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்பதில்லை. போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து அடுத்த எட்டு மணி நேரம் வரை தண்ணீர் ஒன்றிரண்டு வாய்க்கு மேல் கூடாது, மீறினால் ரத்தத்தில் உப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்த அன்றைக்கு மாத்திரை கிடையாது. சாயங்காலம் முழுக்க நீச்சல் குளத்தில் தண்ணீரை விழுங்கியிருந்தாலும் கிடையாது. தலைவலி, குமட்டல், குழப்பமான பேச்சு என்று ஏதாவது தெரிந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். மருந்து நிற்கும்போது நனைவதும் திரும்பலாம், அதற்காக அவனைக் குறை சொல்லாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போதே குறட்டை விடுகிறானா, தினமும் வெளிக்குப் போகிறானா என்பதையும் சொல்லுங்கள். ஆறு மாதம் நின்றிருந்து மறுபடி ஆரம்பித்தாலோ, பகலிலும் நனைந்தாலோ, ஓயாத தாகமும் எடைக்குறைவும் இருந்தாலோ காத்திருக்கக் கூடாது, சர்க்கரையும் கிருமித் தொற்றும் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தவரை அப்படித் தெரியவில்லை. அந்த வயிற்றுவலி பயத்தால் என்று எனக்குப் படுகிறது, இருந்தாலும் டாக்டர் ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டும்.

பள்ளி திறந்ததும் ஈரம் பட்டால் மணி அடிக்கிற அலாரம் பற்றிப் பேசலாம், இரண்டு மூன்று மாதம் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. தயவுசெய்து அதை ஹேசிவியூவுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், மூன்று குடும்பமும் எழுந்து உட்காரும், அவன் மட்டும் தூங்குவான். இப்போதைக்கு விரிப்பு இரண்டையும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள், டிசம்பர் பாதி தாண்டினால் கடைகளில் நிற்கக்கூட இடம் இருக்காது. சிங்கம் போட்ட தலையணை உறையையும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.