பல் அடைத்த இடம் சொரசொரப்பாக இருக்கிறதே?

கேள்வி: மேல்வரிசை முன்பல் சொத்தைக்குப் பல்லின் நிறத்திலேயே கம்பாசிட் வைத்து அடைத்துக்கொண்டேன். நாக்கு பட்டால் அந்த இடம் சொரசொரக்கிறது. அடைப்பின் ஓரத்தில் பழுப்புக் கோடும் விழுந்திருக்கிறது. அடைப்பைப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டுமா? பாலிஷ் செய்தால் போதும் என்கிறார்கள். அது வெறும் அழகுக்குத்தானே?
– ஒரு வாசகி

பதில்: அழகுக்கு மட்டும் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். கம்பாசிட் என்பது பிசினும் கண்ணாடி, சிலிக்கா போன்றவற்றின் நுண்துகள்களும் சேர்ந்த கலவை. நீல ஒளி பட்டு அது இறுகும்போது, காற்றிலுள்ள ஆக்சிஜன் தொடும் மேற்பரப்பில் மட்டும் ஒரு மெல்லிய படலம் முழுமையாக இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். அதை நீக்காமல் விட்டால் காபி, தேநீர், மஞ்சள் ஆகியவற்றின் கறை எளிதில் ஏறும். மேற்பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் கிருமிகள் கூடுதலாக ஒட்டும் என்பது பல் மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. மிகச் சிறிய மேடு பள்ளத்தையும் நாக்கு கண்டுகொள்ளும் என்பதால், உங்கள் நாக்கு சொல்வதை நம்பலாம்.

பாலிஷ் செய்யும்போது, முதலில் நுண்ணிய வைர முனையாலோ கார்பைடு முனையாலோ அடைப்பின் வடிவத்தைத் திருத்தி, வண்ணத்தாளைக் கடிக்கச் செய்து மேடு தட்டும் இடங்களைக் குறைப்பார்கள். பிறகு அலுமினியம் ஆக்சைடு பூசிய வட்டத்தகடுகளை, முரடானதில் தொடங்கி மிக நுண்ணியதுவரை வரிசையாகப் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு தகடும் முந்தைய தகடு விட்ட கீறல்களைத்தான் அழிக்கிறது. நடுவில் ஒன்றைத் தாவினால், மேலே எவ்வளவு பளபளப்பு ஏற்றினாலும் அடியில் அந்தக் கீறல் இருந்துகொண்டே இருக்கும். அவசரத்தில் பலரும் தவறவிடுவது இதைத்தான். அழுத்தித் தேய்த்தால் சூடேறும் என்பதால், விட்டு விட்டு, இலேசாகத் தேய்க்க வேண்டும். தகடு நுழையாத பல்லிடுக்குக்கு மெல்லிய தேய்ப்புப் பட்டைகள் உண்டு.

பழுப்புக் கோடு மேலோட்டமான கறையாக இருந்தால் பாலிஷிலேயே போய்விடும். ஆனால் கம்பாசிட் இறுகும்போது சற்றுச் சுருங்குவதால், ஓரத்தில் இடைவெளி விழுந்து அதனுள் கறை புகுந்திருக்கவும் கூடும். மருத்துவர் ஆய்வு ஊசியை ஓரத்தில் ஓட்டிப் பார்ப்பார். ஊசி வழுக்கிக்கொண்டு போய், பல்லுக்குள் கருநிழலும் தெரியாவிட்டால் பாலிஷே போதும். இடைவெளி இருந்தாலும், அடியில் சொத்தை இல்லையென்றால், அந்த ஓரத்தை மட்டும் செப்பனிடலாம். முழு அடைப்பையும் பெயர்த்தால் நல்ல பல்லும் சிறிது சேர்ந்தே போகும் என்பதால் அது கடைசி வழியாகவே இருக்கட்டும். பரிசோதனை முடியும்வரை கறையைப் போக்குவதாக எண்ணிக் கரித்தூளோ உப்போ வைத்துத் தேய்க்காதீர்கள். சொரசொரப்பு இன்னும் கூடிவிடும்.